மைலும் ஒரு சரக்குத்தான்

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில் துணி மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் ஒருவர் அண்மையில் கடும் கோபத்தோடு வந்தார். கதிரையில் அமர்வதற்கு முன்பே, "நானா, என்ட பதினெட்டாயிரம் மைலையும் முழுங்கிட்டான்கள்" என்றார்.

பேங்கொக்கிற்கு ஆண்டுக்கு ஆறு தடவை போய் வருபவர் அவர். ஐந்து ஆண்டுகளாக ஒரே விமான நிறுவனத்தில்தான் போகிறார். அதன் பயணிகள் சலுகைத் திட்டத்தில் சேர்ந்து, ஒவ்வொரு பயணத்திலும் மைல்கள் சேர்த்து வந்திருக்கிறார். ஒருநாள் கணக்கைத் திறந்து பார்த்தால், முதல் இரண்டு ஆண்டுகளில் சேர்த்த 18,000 மைல்கள் காலாவதியாகிக் கழிந்து போயிருந்தன. மூன்று ஆண்டுகளுக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனை, சேரும்போது கொடுத்த சிறிய எழுத்துப் பத்திரத்தில் இருந்திருக்கிறது. வாசித்துப் பார்க்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை.

அவரது கோபம் தணிந்த பிறகு ஒரு கேள்வி கேட்டேன். "அந்த நிறுவனத்தின் டிக்கட்டை விட மலிவான டிக்கட் கிடைக்கவில்லையா?" அவர் யோசிக்காமலே பதில் சொன்னார். "கிடைச்சது. ஒவ்வொரு முறையும் பதினெட்டாயிரம் ரூபா அளவில் குறைவு. லகேஜும் அதே முப்பது கிலோதான். ஆனா அதில போனா மைல் சேராதே!"

அங்கேயே பற்றுச்சீட்டு ஒன்றின் பின்புறத்தில் கணக்குப் போட்டோம். கொழும்பிலிருந்து பேங்கொக் ஏறத்தாழ 1,500 மைல். போக வர 3,000. அவர் வாங்கும் டிக்கட் வகைக்கு அதில் பாதிதான் வரவு வைக்கப்படுகிறது. அதாவது ஒரு பயணத்துக்கு 1,500 மைல்கள். ஒரு மைலின் பெறுமதி மூன்று ரூபா என்று தாராளமாக வைத்துக் கொண்டாலும் 4,500 ரூபா. அந்த 4,500 ரூபாவைப் பெறுவதற்காக அவர் ஒவ்வொரு முறையும் 18,000 ரூபா கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். ஆண்டுக்கு ஆறு பயணம் என்றால் கூடுதலாகக் கொடுத்தது 108,000 ரூபா. திரும்பக் கிடைத்தது 27,000 ரூபா. நட்டம் 81,000 ரூபா.

காலாவதியான 18,000 மைல்களின் பெறுமதி 54,000 ரூபாதான். அதற்காகக் கோபப்பட்டு வந்தவர், அதைவிடப் பெரிய தொகையை ஆண்டுதோறும் இழந்து கொண்டிருப்பதைக் கவனிக்கவில்லை. கடையில் ஒரு முழத் துணியின் கொள்விலையைக் கூட மறக்காதவர் அவர்!

நம் வியாபாரிகளில் பலர் இதே நிலையில்தான் இருக்கிறார்கள். டுபாய், சிங்கப்பூர், ஹொங்கொங், சென்னை என்று விமானத்தில் ஏறி இறங்குவதே நம்மில் பலரின் தொழில் முறை. சிலர் மைல் திட்டத்தில் சேராமலே இருபது ஆண்டுகள் பறந்து விட்டார்கள். வேறு சிலர் சேர்ந்துவிட்டு, மைலுக்கு அடிமையாகி விட்டார்கள். இரண்டுமே நட்டம்தான். மைலும் ஒரு சரக்கு. சரக்கை நடத்தும் விதத்தில்தான் அதையும் நடத்த வேண்டும்.

இந்தத் திட்டம் எங்கிருந்து வந்தது?

அமெரிக்காவில் 1978ஆம் ஆண்டு விமானக் கட்டணங்கள் மீதான அரச கட்டுப்பாடு நீக்கப்பட்டது. நிறுவனங்களிடையே கடும் போட்டி தொடங்கியது. வாடிக்கையாளரைத் தம்மிடமே நிறுத்தி வைக்க ஒரு வழி தேடிய அமெரிக்கன் எயார்லைன்ஸ், 1981ஆம் ஆண்டு மே மாதம் தனது மைல் திட்டத்தை ஆரம்பித்தது. சில நாட்களுக்குள் யுனைட்டட் நிறுவனமும் தொடர்ந்தது. பின்னர் உலகமெங்கும் பரவியது.

நமது நாட்டு வியாபாரிகளில் பழையவர்களுக்கு ஸ்கைவேர்ட்ஸ் அட்டை நினைவிருக்கும். எமிரேட்ஸ் நிறுவனம் 1998இல் எயார் லங்காவின் பங்குகளை வாங்கி, 2008 வரை நிர்வாகத்தையும் கையில் வைத்திருந்தது. அக்காலத்தில் ஸ்ரீலங்கன் பயணிகளும் ஸ்கைவேர்ட்ஸில்தான் மைல் சேர்த்தார்கள். நிர்வாகம் பிரிந்ததும் திட்டமும் பிரிந்தது. இப்போது ஸ்ரீலங்கனுக்குச் சொந்தமாக ஃப்ளை ஸ்மைல்ஸ் இருக்கிறது.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. இத்திட்டங்கள் விமான நிறுவனங்களின் தான தருமம் அல்ல. பத்து ரூபா மலிவாகக் கிடைக்கும் பக்கத்துக் கடைக்கு நீங்கள் போகாமல் இருப்பதற்காகவே இவை உருவாக்கப்பட்டன. பெருநாள் காலத்தில் நாமும் வாடிக்கையாளருக்குப் பரிசுக் கூப்பன் கொடுக்கிறோம் அல்லவா? அதன் செலவை எங்கே போட்டோம் என்பது நமக்குத் தெரியும்.

ஒரு மைலின் விலை என்ன?

விலை தெரியாத சரக்கை எந்த வியாபாரியும் வாங்குவதில்லை. மைலின் விலையைக் கண்டுபிடிப்பது மிகவும் இலகுவானது.

நீங்கள் போக நினைக்கும் ஓர் இடத்துக்குக் காசுக்கு டிக்கட் என்ன விலை என்று பாருங்கள். அதே பயணத்தை மைல்களைக் கொடுத்துப் பெற்றால் எத்தனை மைல்கள், வரியும் கட்டணங்களும் எவ்வளவு என்று பாருங்கள். மைல் டிக்கட் "இலவசம்" என்று சொல்லப்பட்டாலும் விமான நிலைய வரிகளை நாமே கட்ட வேண்டும். சில நிறுவனங்கள் எரிபொருள் மேலதிகக் கட்டணம் என்று ஒன்றையும் சேர்க்கும். காசு விலையிலிருந்து இந்த வரித் தொகையைக் கழியுங்கள். மீதியை மைல் எண்ணிக்கையால் பிரியுங்கள்.

உதாரணமாக ஒரு டிக்கட்டின் காசு விலை 120,000 ரூபா என்று வைத்துக் கொள்வோம். மைலில் எடுத்தால் 25,000 மைல்களும் 45,000 ரூபா வரியும் கேட்கிறார்கள். 120,000இலிருந்து 45,000 போக மீதி 75,000. அதை 25,000ஆல் பிரித்தால் ஒரு மைலுக்கு மூன்று ரூபா. அதே டிக்கட் மலிவு விற்பனையில் 70,000 ரூபாவுக்குக் கிடைக்கும் காலத்தில் மைலைக் கொடுத்தால் என்ன ஆகும்? மீதி 25,000 ரூபாதான். ஒரு மைலுக்கு ஒரு ரூபா. அந்த நேரத்தில் காசைக் கொடுத்துவிட்டு மைலை வைத்துக் கொள்வதே புத்தி.

இந்தக் கணக்கை உலகத்துக்கே பாடமாகச் செய்து காட்டியவர் ஒருவர் இருக்கிறார். அமெரிக்காவின் கலிபோர்னியாவைச் சேர்ந்த டேவிட் பிலிப்ஸ் என்ற பொறியியலாளர். 1999ஆம் ஆண்டு ஓர் உணவுக் கம்பனி, தனது பொதிகளின் குறியீட்டை வெட்டி அனுப்புவோருக்கு விமான மைல்கள் தருவதாக விளம்பரம் செய்தது. கடை கடையாகத் தேடிய பிலிப்ஸ், அந்தக் கம்பனியின் மிக மலிவான பொருள் 25 சதத்துக்கு விற்கப்படும் புடிங் கோப்பை என்று கண்டுபிடித்தார். 12,150 கோப்பைகளை வாங்கினார். செலவு 3,140 டொலர். கிடைத்தது பன்னிரண்டரை இலட்சம் மைல்கள். ஒரு மைல் கால் சதத்துக்கு! புடிங்கைத் தரும நிறுவனத்துக்குக் கொடுத்து, குறியீடுகளை வெட்டித் தரும் வேலையையும் அவர்களின் தொண்டர்களைக் கொண்டே முடித்து விட்டார்.

நமக்கு அப்படியொரு வாய்ப்பு வராமல் போகலாம். ஆனால் அவர் வாங்குவதற்கு முன்பே ஒரு மைல் தனக்கு என்ன விலைக்கு வந்து சேர்கிறது என்று கணக்குப் பார்த்தார். நமது நண்பர் பார்க்கவில்லை. ஒரு மைலை 12 ரூபா கொடுத்து வாங்கி மூன்று ரூபாவுக்கு விற்றுக் கொண்டிருந்தார்.

டிக்கட்டில் உள்ள அந்த ஓர் எழுத்து

டிக்கட்டை எடுத்துப் பார்த்தால் திகதிக்கும் நேரத்துக்கும் பக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்து இருக்கும். அதுதான் கட்டண வகுப்பு. ஒரே விமானத்தில், ஒரே சாதாரண வகுப்பில், பக்கத்துப் பக்கத்து ஆசனத்தில் அமரும் இருவரின் டிக்கட்டில் இந்த எழுத்து வேறாக இருக்கலாம். ஒருவருக்கு முழு மைலும், மற்றவருக்குக் கால்வாசியும் கிடைப்பது இதனால்தான். சில மலிவு வகுப்புகளுக்கு ஒன்றுமே கிடைக்காது. முகவர்கள் மொத்தமாக எடுத்து விற்கும் குழு டிக்கட்டுகளுக்குப் பெரும்பாலும் மைல் இல்லை. அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2015, 2016ஆம் ஆண்டுகளில் தூரக் கணக்கையே கைவிட்டு, கொடுத்த காசுக்கு ஏற்ப மைல் கொடுக்கும் முறைக்கு மாறின.

எனவே முகவரிடம் விலை கேட்கும்போதே, "இது என்ன வகுப்பு, எத்தனை மைல் வரவாகும், எத்தனை கிலோ லகேஜ்" என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். நல்ல முகவர் உடனே சொல்வார்.

அடுத்தது பெயர். நம்மவர்களுக்கு இது தனிப் பிரச்சினை. கடவுச்சீட்டில் முழுப் பெயரும் இருக்கும். அட்டையில் "எம்.எம்." என்று முதலெழுத்துகள் இருக்கும். முகவர் டிக்கட்டில் "முஹம்மத்" என்பதை இன்னொரு விதமான ஆங்கில எழுத்துக் கூட்டலில் அடித்திருப்பார். கணினிக்கு இவர்கள் மூவரும் மூன்று ஆட்கள்! மைல் வரவாகாது. திட்டத்தில் சேரும்போதே கடவுச்சீட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து பெயரைக் கொடுங்கள். உறுப்பினர் இலக்கத்தை டிக்கட் எடுக்கும்போதே கொடுத்து விடுங்கள்.

மைல் வரவாகும் வரை போர்டிங் பாஸின் துண்டை எறிய வேண்டாம். விடுபட்ட மைல்களைப் பின்னர் கேட்டுப் பெறலாம். ஆனால் அதற்கும் காலக்கெடு உண்டு. ஆறு மாதம் என்பது பல நிறுவனங்களின் வழமை.

எந்த அட்டை உங்களுக்கு?

ஐந்து நிறுவனங்களில் ஐந்து அட்டை வைத்திருந்து, ஒவ்வொன்றிலும் மூவாயிரம் மைல் வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐந்து கடையில் ஐந்து முழம் துணி கிடந்தால் ஒரு சட்டையும் தைக்க முடியாது. ஒன்று, அல்லது அதிகம் போனால் இரண்டு திட்டங்கள் போதும்.

எதைத் தெரிவு செய்வது? நீங்கள் எந்த ஊருக்கு அதிகம் போகிறீர்கள் என்பதே இதற்கு விடை. விமான நிறுவனங்கள் கூட்டணிகளாகச் சேர்ந்திருக்கின்றன. ஸ்ரீலங்கன் 2014ஆம் ஆண்டு மே மாதம் ஒன்வேர்ல்ட் கூட்டணியில் சேர்ந்தது. கட்டார், மலேசியா, கெதே பசிபிக் ஆகிய நிறுவனங்களும் அதே கூட்டணியில் உள்ளன. ஆகவே ஹொங்கொங் மாணிக்கக் கண்காட்சிக்குப் போகும் பேருவளைச் சீனன்கோட்டை வியாபாரி ஒருவர், போகும்போது கெதே பசிபிக்கிலும், டோஹா வழியாக உம்ராவுக்குப் போகும்போது கட்டாரிலும், சென்னைக்கு ஸ்ரீலங்கனிலும் போனாலும், மூன்று பயணத்தின் மைல்களையும் ஒரே கணக்கில் போட்டுக் கொள்ளலாம். டிக்கட் எடுக்கும்போது எந்த உறுப்பினர் இலக்கத்தைக் கொடுக்கிறீர்கள் என்பதுதான் முக்கியம். ஒரு பயணத்தை ஒரு திட்டத்தில் மட்டுமே வரவு வைக்க முடியும்.

சிங்கப்பூர் எயார்லைன்ஸ், தாய் எயார்வேய்ஸ், எயார் இந்தியா, துருக்கி ஆகியவை ஸ்டார் அலையன்ஸ் கூட்டணியில் உள்ளன. சிங்கப்பூரையும் பேங்கொக்கையும் நம்பி வியாபாரம் செய்பவர்களுக்கு இந்தப் பக்கம் பொருந்தலாம். எமிரேட்ஸ் எந்தப் பெரிய கூட்டணியிலும் இல்லை. ஆனால் 2018ஆம் ஆண்டு முதல் ஃப்ளை டுபாயும் ஸ்கைவேர்ட்ஸ் திட்டத்தில் சேர்ந்திருப்பதால், டுபாயையே சுற்றி வருபவருக்கு அதுவே போதும்.

குவாங்சோ நகரின் கென்டன் சந்தை ஆண்டுக்கு இரு முறை நடப்பது எல்லோருக்கும் தெரியும். கோலாலம்பூர் வழி, ஹொங்கொங் வழி, பேங்கொக் வழி என்று அங்கே போக வழிகள் பல. கொழும்பிலிருந்து நேர் தூரம் மட்டுமே ஏறத்தாழ 2,500 மைல். விலையும் நேரமும் சமமாக இருக்கும்போது, உங்கள் அட்டை இருக்கும் கூட்டணியின் வழியைத் தெரிவு செய்யுங்கள். அந்தச் "சமமாக இருக்கும்போது" என்ற சொல்லை மட்டும் கோடிட்டு வைத்துக் கொள்ளுங்கள்.

உண்மையான இலாபம் லகேஜில்

மைல் திட்டங்களில் இரண்டு விதமான கணக்குகள் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. ஒன்று, டிக்கட் வாங்கச் செலவழிக்கும் மைல்கள். மற்றது, ஓராண்டுக்குள் எவ்வளவு பறந்தீர்கள் என்பதை அளந்து வெள்ளி, தங்கம் போன்ற தரங்களைக் கொடுக்கும் கணக்கு. கடனட்டையால் வரும் மைல்கள் பெரும்பாலும் முதலாவது கணக்கில்தான் சேரும். தரம் பறந்துதான் கிடைக்கும்.

உத்தியோகத்தர் ஒருவருக்குத் தங்க அட்டை என்றால் விமான நிலையத்தில் சொகுசுக் கதிரையும் தேநீரும். வியாபாரிக்கு அதில் இருக்கும் பெரிய வரப்பிரசாதம் மேலதிக லகேஜ். பல நிறுவனங்கள் உயர்தர அட்டைக்காரருக்குக் கூடுதல் நிறையை இலவசமாக அனுமதிக்கின்றன. பதினைந்து கிலோ மேலதிகமாகக் கிடைக்கிறது என்றும், காசு கட்டினால் கிலோவுக்குப் பத்து டொலர் ஆகும் என்றும் வைத்துக் கொள்வோம். ஆறு பயணத்துக்கு 900 டொலர்! எத்தனை ஆயிரம் மைல் சேர்த்தால் இந்தத் தொகை வரும்? மாதிரிப் பொருட்களும் சிறு சரக்கும் கையோடு கொண்டு வருபவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். (சுங்கத் தீர்வை வேறு விடயம். விமானம் ஏற்றிக்கொண்டு வருவதால் சுங்கம் விட்டுவிடும் என்று எண்ண வேண்டாம்.)

தரம் ஓராண்டுக் கணக்கு என்பதால், பயணங்களை இரண்டு நிறுவனங்களுக்குப் பிரித்துப் போட்டால் இரண்டிலும் கிடைக்காமல் போகும். ஆண்டின் கடைசியில் தங்கத் தரத்துக்கு ஒரேயொரு பயணம்தான் குறைகிறது என்றால், அந்த ஒரு முறை சிறிது கூடுதல் விலை கொடுத்தாலும் நட்டமில்லை. அடுத்த ஆண்டு முழுவதும் அது லகேஜில் திரும்பி வரும். ஆனால் ஆண்டுக்கு இரண்டே முறை பறப்பவர் தரத்தைத் துரத்துவது வீண். அவருக்கு மலிவு டிக்கட்டே தங்க அட்டை.

களஞ்சியத்தில் வைத்தால் கெட்டுவிடும்

பேரீச்சம்பழத்தை வாங்கி மூன்று நோன்புக்கு வைத்திருக்கும் வியாபாரி உண்டா? மைலும் அப்படித்தான். சிங்கப்பூர் எயார்லைன்ஸின் கிரிஸ் ஃப்ளையர் மைல்கள் மூன்று ஆண்டுகளில் காலாவதியாகும். ஸ்கைவேர்ட்ஸ் மைல்களும் மூன்று ஆண்டுகள் வரைதான். உங்கள் பிறந்த மாதத்தின் முடிவில் கழியும். கெதே பசிபிக்கின் ஏசியா மைல்ஸுக்கு 2020ஆம் ஆண்டு முதல் வேறு விதி. பதினெட்டு மாதத்துக்குள் ஒரு மைலாவது சேர்த்தால் அல்லது செலவழித்தால் முழுக் கணக்கும் உயிரோடு இருக்கும். கட்டார் நிறுவனம் 2022இல் ஏவியோஸ் என்ற புள்ளி முறைக்கு மாறியது. அதிலும் முப்பத்தாறு மாதம் கணக்கு அசையாமல் கிடந்தால் புள்ளிகள் போய்விடும். காசோலைத் திகதியைக் குறித்து வைப்பது போல இந்தத் திகதியையும் நாட்குறிப்பில் குறித்து வையுங்கள்.

காலாவதியாகாவிட்டாலும் மைலின் பெறுமதி குறைந்து கொண்டே போகும். இன்று 25,000 மைல் கேட்கும் ஆசனத்துக்கு நாளை 32,000 கேட்கலாம். முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கூட சில திட்டங்களில் இல்லை. நிறுவனமே மூடப்பட்டால் சொல்லவே தேவையில்லை. இந்தியாவின் கிங்ஃபிஷர் எயார்லைன்ஸ் 2012 ஒக்டோபரில் பறப்பதை நிறுத்தியபோது, அதன் திட்டத்தில் சேர்த்தவர்களின் கையில் எஞ்சியது வெறும் இலக்கங்கள்தான்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. 2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், அதே ஆண்டு மே மாதமளவில் 360 ரூபாவைத் தொட்டது. டிக்கட்டின் ரூபா விலை எட்டாத உயரத்துக்குப் போனது. அப்போது கையில் மைல் வைத்திருந்தவர்களுக்கு ரூபாவின் வீழ்ச்சி வரித் தொகையில் மட்டுமே சுட்டது. மைல்களின் எண்ணிக்கை ரூபாவில் எழுதப்படுவதில்லை அல்லவா? ஆகவே ஓர் அவசரப் பயணத்துக்குப் போதுமான மைலைக் கையிருப்பில் வைத்திருப்பது நல்லது. அதற்கு மேல் சேர்வதைச் செலவழித்து விடுங்கள்.

செலவழிக்க நல்ல இடம் எது? கடைசி நேரத்தில் எடுக்கும் விலை கூடிய டிக்கட். ஒரு வழி டிக்கட். பாடசாலை விடுமுறைக் காலம் போன்ற விலை ஏறும் நாட்கள். இவற்றில்தான் ஒரு மைலுக்கு அதிக ரூபா கிடைக்கும். ஆனால் மைலுக்கு ஒதுக்கும் ஆசனங்கள் சொற்பம். ரமழான் இறுதிப் பத்தில் உம்ராவுக்குப் போக நினைப்பவர் ரஜபில் தேடினால் கிடைப்பது அரிது. பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். மைலைக் கொடுத்து மின்கேத்தல், பயணப் பை போன்றவற்றை வாங்குவதே மிக மோசமான விற்பனை. கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு மைலுக்கு ஒரு ரூபா கூடத் தேறாது.

கடனட்டையும் மைலும்

வங்கிகள் பல, செலவழிக்கும் தொகைக்கு ஏற்ப மைல் தரும் கடனட்டைகளை விற்கின்றன. மாத முடிவில் முழுத் தொகையையும் கட்டிவிடுபவருக்கு இது ஒரு சிறு இலாபம். கடை வாடகை, சரக்குக் கொடுப்பனவு போன்றவற்றை எப்படியும் கட்டத்தான் வேண்டும். அட்டையால் கட்டுவதற்கு மேலதிகக் கட்டணம் இல்லையென்றால் மைல் சும்மா வருகிறது. மேலதிகமாக இரண்டு, மூன்று வீதம் கேட்டால் அந்த மைல் சும்மா வருவதில்லை.

நிலுவை வைப்பவரின் கதை வேறு. மாதத்துக்கு இரண்டு வீதம் வட்டி என்று குறைத்து வைத்தாலும், மூன்று இலட்சம் நிலுவைக்கு ஒரு மாதத்தில் 6,000 ரூபா. நூறு ரூபாச் செலவுக்கு ஒரு மைல் என்றால் அந்த மூன்று இலட்சத்துக்குக் கிடைத்தது 3,000 மைல்கள். பெறுமதி 9,000 ரூபா. இரண்டாவது மாதத்தில் மைல் முழுவதும் வட்டிக்குப் போய்விடும். வட்டியை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதை வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கொடுக்கல் வாங்கல் கணக்காகப் பார்த்தாலும் அது தேறாது.

பங்காளிகளிடையே மைல் யாருக்கு?

இது சிறிய விடயம் போலத் தோன்றும். ஆனால் அண்ணன் தம்பி இருவர் மனக்கசப்போடு பிரிந்ததில் இதுவும் ஒரு காரணமாக இருந்ததை நான் அறிவேன். டிக்கட் கடையின் காசில் எடுக்கப்படுகிறது. மைலோ பறப்பவரின் பெயரில் சேர்கிறது. ஐந்தாறு ஆண்டுகள் ஒருவரே பறந்தால் அவர் கணக்கில் பெரிய தொகை சேர்ந்துவிடும். அவர் அதில் மனைவி மக்களோடு சிங்கப்பூருக்குச் சுற்றுலா போய் வருவார். கடையில் நின்று வியாபாரம் பார்த்தவருக்கு மனதில் ஒரு முள்.

பேசாமல் விடுவதால் வரும் வினை இது. பயணக் களைப்பும் அலைச்சலும் அவருக்குத்தானே என்று மற்றவர் மனமுவந்து விட்டுக் கொடுக்கலாம். அல்லது அந்த மைலைக் கொண்டே கடையின் அடுத்த பயணத்துக்கு டிக்கட் எடுப்போம் என்று முடிவு செய்யலாம். எதுவாக இருந்தாலும் முதல் பயணத்துக்கு முன்பே பேசி, பங்கு ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதி விடுங்கள். ஊழியரைச் சரக்கெடுக்க அனுப்பும் முதலாளிமாருக்கும் இதுவே பொருந்தும்.

எமிரேட்ஸ், கட்டார், சிங்கப்பூர் ஆகிய நிறுவனங்கள் சிறு, நடுத்தர வியாபாரங்களுக்கென்று தனித் திட்டங்களையும் நடத்துகின்றன. பறப்பவரின் கணக்கிலும் மைல் சேரும். கம்பனியின் கணக்கிலும் தனியாகப் புள்ளி சேரும். உங்கள் வியாபாரத்தை அதில் பதிவு செய்ய முடியுமா என்று முகவரிடம் விசாரியுங்கள். குடும்பத்தார் மைல்களை ஒன்றாகச் சேர்க்கும் வசதியும் சில திட்டங்களில் உண்டு. ஸ்கைவேர்ட்ஸில் குடும்பத்தவர் பலரது மைல்களையும் ஒரே பொதுக் கணக்கில் திரட்டலாம். உம்மா, வாப்பா, பிள்ளைகள் என்று எல்லோர் கணக்கிலும் சிதறிக் கிடப்பதை இப்படி ஒன்றாக்கினால் ஒரு டிக்கட்டாவது தேறும்.

ஓர் எச்சரிக்கை. "உங்க மைலை நான் வாங்குறேன்" என்று யாராவது வந்தால் விற்க வேண்டாம். மைல்களை விற்பதை ஏறத்தாழ எல்லாத் திட்டங்களும் தடை செய்கின்றன. பிடிபட்டால் டிக்கட் ரத்தாகும், கணக்கும் மூடப்படும்.

முடிவாக

அன்று பற்றுச்சீட்டின் பின்புறத்தில் கணக்குப் போட்டுவிட்டுப் போன நண்பர், இப்போது ஒவ்வொரு பயணத்துக்கும் இரண்டு, மூன்று விலை கேட்கிறார். மைல் தரும் டிக்கட் ஐயாயிரம் ரூபாவுக்குள் கூடுதலாக இருந்தால் அதில் போகிறார். அதற்கு மேல் என்றால் மலிவானதில் ஏறி விடுகிறார். ஒரு பயணத்து மைலின் பெறுமதி 4,500 ரூபா என்பது இப்போது அவருக்கு மனப்பாடம்.

எஞ்சியிருந்த 27,000 மைல்களை என்ன செய்தார் தெரியுமா? சென்ற மாதம் அவரது உம்மாவை இருதய சிகிச்சைக்காகத் திடீரென்று சென்னைக்குக் கொண்டு போக வேண்டி வந்தது. நாளை மறுநாள் பயணம். டிக்கட் விலை வழமையை விடப் பல மடங்கு. மைலில் இரண்டு ஆசனங்கள் இருந்தன. வரியை மட்டும் கட்டிவிட்டு உம்மாவோடு ஏறினார்.

சிகிச்சை முடிந்து திரும்பியதும் தொலைபேசியில் பேசினார். "நானா, கழிஞ்சு போன பதினெட்டாயிரமும் இருந்திருந்தா தங்கச்சியையும் கூட்டிட்டுப் போயிருப்பன். உம்மாவுக்கு ஒரு பொம்புள துணை இருந்திருக்கும்" என்றார். முதல் நாள் வந்தபோது இருந்த கோபம் அந்தக் குரலில் இல்லை.

இன்றிரவு கடையைப் பூட்டிக் கணக்கு முடித்த பிறகு, உங்கள் மைல் கணக்கையும் ஒரு தடவை திறந்து பாருங்கள். எத்தனை இருக்கிறது, எப்போது கழியும் என்ற இரண்டையும் நாட்குறிப்பில் எழுதுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.